எழவும் அடம், உறங்கவும் அடம்

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக அடுக்கி வைத்திருக்கும் லேப்டாப்களில் பல, வீடுகளிலிருந்து வந்தவை அல்ல. நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் ஊழியர்களிடம் கொடுத்து வைத்திருந்து, பிறகு மொத்தமாகக் கழித்துவிட்டவை. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 போன்ற பெயர்களைப் பார்த்ததுமே அலுவலகச் சரக்கு என்று தெரிந்துவிடும். கீபோர்டு தட்ட நன்றாக இருக்கும், மூடியின் கீல் ஆடாது, ரேமையும் டிஸ்க்கையும் கழற்றி மாற்றலாம். அதே விலைக்குப் புதிதாக விற்கும் மலிவு லேப்டாப்பைவிட இவற்றைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இவற்றுக்கு ஒரு முன்ஜென்மம் உண்டு. அதன் வாசனை முழுக்கப் போயிருக்காது. அலுவலக நெட்வொர்க்கிலிருந்து எழுப்புவதற்காக வைத்த செட்டிங், நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்து சோர்ந்த பேட்டரி, ஒரிஜினல் சார்ஜர் தொலைந்து போனதால் கூடவே கொடுத்துவிட்ட ஏதோ ஒரு சார்ஜர், விற்கும் அவசரத்தில் போட்ட விண்டோஸ். 'ஆன் ஆக ரொம்ப நேரம் எடுக்குது', 'மூடி வச்சா ஒழுங்கா தூங்க மாட்டேங்குது' என்று வாங்கி வந்தவர்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வேர் பெரும்பாலும் இந்த மிச்சசொச்சங்களில்தான் இருக்கிறது.

கடையில் கேட்டால் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: "ஃபார்மேட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுரலாம் சார்." சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் டிஸ்க் சாகக் கிடக்கும்போது ஃபார்மேட் அடித்தால் பத்து நாளில் பழைய கதைதான். சார்ஜரில் கோளாறு இருந்தால் அந்தப் பத்து நாள்கூடக் கிடைக்காது. ஆகவே எதிலும் கை வைப்பதற்கு முன், நேரம் எந்த இடத்தில் போகிறது என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். 'பவர்சிஎஃப்ஜி' என்று வரும் இடத்தில் 'பவர்' என்ற சொல்லும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வரும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, டெர்மினல் (அட்மின்) என்பதைத் திறந்து அங்கே தட்ட வேண்டும்.

நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஃபோனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து, லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுழலத் தொடங்கும் வரை முதல் கட்டம். அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை இரண்டாவது. பாஸ்வேர்டு போட்டபின் பிரவுசரைத் திறந்து நிஜமாகவே வேலை தொடங்க முடிகிற வரை மூன்றாவது. மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி உள்ள நல்ல நிலை லேப்டாப்பில் முதல் இரண்டு கட்டமும் சேர்ந்து அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. உள்மையத்தின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதை எடுத்து விரித்துக்கொள்கிறது. இதன் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும்தான் அடியிலிருந்து புதிதாக எழும். தினமும் இரவு அணைப்பவர்கள்கூட டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் 'அப் டைம்' எவ்வளவு என்று பார்த்தால், இருபது நாள், முப்பது நாள் என்று இருப்பதைக் கண்டு திகைப்பார்கள். காரணம் இதுதான். எனவே ஷட் டவுன் செய்து ஆன் செய்து ஒருமுறை, ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை, இரண்டையும் அளந்து பாருங்கள். ரீஸ்டார்ட்டில் நன்றாக எழுந்து, ஷட் டவுனுக்குப் பிறகு மட்டும் தடுமாறினால் குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டு' என்ற இடத்தில் அதன் டிக்கை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் இழப்பது ஓரிரு விநாடிதான். பழைய டிரைவர்கள் நாள்கணக்கில் நினைவில் தேங்கிக் கிடப்பது நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் கணினியில் அதற்கு உண்மையான பயன் உண்டு. அங்கே, கோளாறு தராத வரை விட்டுவையுங்கள்.

முதல் கட்டத்தை விண்டோஸே அளந்து வைத்திருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தின் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கும். பத்து விநாடிக்குள் இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இருபதைத் தாண்டினால் விண்டோஸின் மேல் பழி போடாதீர்கள். அது இன்னும் மேடைக்கே வரவில்லை.

விண்டோஸுக்கு முன்னால்

விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். அதற்குள் போகும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, திங்க்பேடுக்கு எஃப்1. ஆன் செய்த உடனே அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பூட் வரிசை. பல அலுவலகங்களில் ஐடி பிரிவினர் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் ஏற்றுவார்கள். அதற்காக நெட்வொர்க் பூட்டை வரிசையின் தலையில் வைத்திருப்பார்கள். இப்போது உங்கள் வீட்டு மேசையில் அந்த லேப்டாப் ஒவ்வொரு காலையும் தன் பழைய அலுவலக சர்வரைத் தேடி, பதில் வராமல் காத்திருந்து, பிறகே டிஸ்க்கின் பக்கம் திரும்புகிறது. கறுப்புத் திரையில் 'பிஎக்ஸ்இ' என்ற எழுத்துகள் ஒரு கணம் தோன்றி மறைந்தால் இதுவேதான். வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்து, நெட்வொர்க் பூட்டை அணைத்துவிடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

டெல் கணினிகளில் ஃபாஸ்ட்பூட் என்ற இடத்தில் 'தரோ' என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் முழுப் பரிசோதனை நடக்கும்; 'மினிமல்' அல்லது 'ஆட்டோ' போதும். 'எக்ஸ்டெண்ட் பயாஸ் போஸ்ட் டைம்' என்ற இன்னொன்று, சும்மா 5 அல்லது 10 விநாடி காத்திருக்கச் செய்வது. அதைச் சுழியமாக்குங்கள்.

அடுத்தது தேதி. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது, இணையதளங்கள் 'பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டுகின்றன, பயாஸில் மாற்றிய செட்டிங் மறுநாள் பழையபடி ஆகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி. லேப்டாப்களில் ஒரு சிறு வயரும் கனெக்டரும் சேர்ந்து வரும். வயர் இல்லாத வெறும் காசை வாங்கி டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள்.

பயாஸுக்குள் நுழையவே பாஸ்வேர்டு கேட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். புதிய மாடல்களில் மதர்போர்டை மாற்றாமல் அதை நீக்க வழியே இல்லாமலும் போகலாம். அதுபோலவே, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களுடைய மெயில் ஐடியைக் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்களுடைய கணக்கிலிருந்து விடுபடவில்லை என்று பொருள். அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

டிஸ்க்

இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் இரண்டுமே இழுத்தால், பத்தில் ஏழு எட்டு முறை டிஸ்க்தான் காரணம் என்பது என் கணிப்பு. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைச் சொடுக்கினால் அது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். பாஸ்வேர்டு போட்ட உடனே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வரைபடம் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, கீழே படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டும் காட்டினால், கணினி டிஸ்க்குக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் தவிக்கிறது? லேப்டாப்களில் வந்தவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. ஒரு கோப்பின் துண்டைப் படிக்க ஊசிமுனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு அந்தத் துண்டு சுழன்று அடியில் வர வேண்டும். ஆக, நொடிக்கு நூறு துண்டுகளைப் படித்தாலே பெரிய காரியம். பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி தரும் அதே டிஸ்க், விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து பொறுக்கச் சொன்னால் முனகுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தந்துவிடும். பழைய லேப்டாப்பில் செய்யும் செலவுகளில் இதைப்போலக் கைமேல் பலன் தருவது வேறில்லை. சிபியுவை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

எஸ்எஸ்டி வாங்கக் கிளம்புமுன் எந்த வகை பொருந்தும் என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும் 2.5 அங்குல சாட்டா வகை ஒன்று. பட்டையாக இருக்கும் எம்.2 வகை இன்னொன்று. எம்.2விலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு. பட்டையின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. சாட்டா மட்டுமே தெரிந்த பழைய ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால், ஸ்க்ரூ போடும் வரை எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். ஆன் செய்தால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக இருக்கிறது, அல்லது ஹார்ட் டிஸ்க்கின் நிலை தெரிய வேண்டும் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் கண்ணை வையுங்கள். அவை கெட்டுப்போன இடங்களையும் கெட்டுக்கொண்டிருக்கும் இடங்களையும் எண்ணிச் சொல்பவை. சி5 சுழியம் இல்லை என்றால் முதல் வேலை, கோப்புகளை வெளியே நகலெடுப்பது. மற்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு. எஸ்எஸ்டியாக இருந்தால் மேலே காட்டும் ஆரோக்கிய சதவீதத்தையும் 'பவர் ஆன் ஹவர்ஸ்' எண்ணையும் பாருங்கள். அலுவலகத்தில் ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்று நான்காண்டு ஓடியிருந்தால் 9,000 மணி வரும். 'புது எஸ்எஸ்டி போட்டிருக்கோம் சார்' என்ற வாக்குறுதியைச் சரிபார்க்க இந்த எண்ணைவிட நல்ல சாட்சி கிடையாது.

மீதிச் சந்தேகங்கள்

டிஸ்க் நன்றாக இருந்தும் மூன்றாவது கட்டம் மட்டும் நீண்டால், ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து 'ஹை' என்று குறித்திருப்பவற்றை ஒவ்வொன்றாக முடக்குங்கள். சாட்டிங், மீட்டிங், கேம், பிரிண்டர் உதவியாளர் எதுவும் காலையில் தானாக எழ வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் நீக்குங்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி என்றாலும், அது எழுந்து நிற்பதற்கு மட்டுமே ஆகும் அளவு.

இன்னொன்று, பலரும் சந்தேகிக்கவே மாட்டார்கள்: சார்ஜர். டெல், எச்பி சார்ஜர்களின் உருண்டை முனைக்கு நடுவில் மெல்லிய ஊசி இருக்கும். நான் இத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்பிடம் சொல்வது அந்த ஊசி வழியாகத்தான். ஊசி வளைந்தாலோ போலிச் சார்ஜராக இருந்தாலோ டெல் கணினி அதை அடையாளம் காணாமல், ஆன் செய்யும்போது ஒரு எச்சரிக்கை காட்டும். பேட்டரியை ஏற்ற மறுக்கும். கூடவே சிபியுவின் வேகத்தையும் கட்டிப்போட்டுவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் என்ன செய்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியே நின்றால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் உடனே ஏறினால் விடை கையில் இருக்கிறது. ஃபார்மேட் அடித்து, எஸ்எஸ்டி மாற்றி, ரேம் கூட்டியும் தீராத மந்தம் சிலருக்குச் சரியான 65 வாட் சார்ஜர் ஒன்றில் தீர்ந்துபோகும்.

வேகம் முதலில் நன்றாக இருந்து, சிறிது நேரத்தில் ஃபேன் அலறத் தொடங்கிப் பிறகு விழுந்தால் அது சூடு. பின்மூடியைக் கழற்றி, ஃபேனிலும் அதன் முன்னால் உள்ள செம்புச் சீப்பிலும் படிந்த தூசியை எடுத்து, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவச் சொல்லுங்கள்.

கடையில் போட்டுத் தந்த விண்டோஸைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. யாருடைய பென்டிரைவிலிருந்தோ ஏற்றிய பிரதி, அதைச் செல்லுபடியாக்க ஒரு திருட்டு ஆக்டிவேட்டர், அது ஒவ்வொரு முறையும் பின்னணியில் ஓடுவது என்று அந்தக் குடும்பம் பெரிது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, ஒரு பென்டிரைவில் நீங்களே சுத்தமாகப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பல லேப்டாப்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பொதிந்து வருகிறது. சரியான பதிப்பைப் போட்டால், பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிபியுக்களை, ஒருசில விலக்கு தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அந்த ரகத்துக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் நல்ல வீடு.

தூக்கம்: முதலில் என்ன வகை என்று கேளுங்கள்

தூங்கும் விதம் எல்லா லேப்டாப்புக்கும் ஒன்றல்ல. டெர்மினலில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ என்று தட்டுங்கள். உங்கள் கணினிக்கு எந்தெந்தத் தூக்கம் தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது என்று பட்டியல் வரும்.

எஸ்3 என்று வந்தால் அது பழைய, ஆழ்ந்த தூக்கம். ரேமுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். மற்ற எல்லாம் அணைந்துவிடும். அரை வாட் செலவு என்று வைத்துக்கொண்டால் 48 வாட்-மணி பேட்டரி நான்கு நாள் தாங்கும். எஸ்0 என்று வந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை: ஃபோன் மாதிரி, திரை அணைந்திருக்கும், உள்ளே விழிப்பு இருக்கும். மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். 2020க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் எஸ்3 கிடையவே கிடையாது. இரவு மூடி வைத்தது காலையில் பாதிச் சார்ஜ் இழந்திருப்பதும், பைக்குள்ளே சூடாகிக் கிடப்பதும் பெரும்பாலும் இந்த வகையில்தான். இதைப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்; பிறவிக் குணம். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து எஸ்3ஐ வரவழைக்கும் வித்தையைப் பலரும் சொல்வார்கள். ஃபர்ம்வேரில் எஸ்3 இல்லாத கணினியில் அதைச் செய்தால் ஸ்லீப் என்ற தேர்வே காணாமல் போய்விடும். அதைவிட, பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி வைத்துவிடுங்கள். ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். எஸ்எஸ்டி இருந்தால் பத்து இருபது விநாடியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பட்டியலில் ஒரு தூக்கமும் இல்லை, ஸ்டார்ட் மெனுவிலும் ஸ்லீப்பைக் காணோம் என்றால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், விண்டோஸ் போட்டவர் கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமல் விட்டுவிட்டார். அந்தத் தற்காலிக டிரைவருக்குத் தூங்கத் தெரியாது. லெனோவோவுக்கு வான்டேஜ், எச்பிக்கு சப்போர்ட் அசிஸ்டன்ட், டெல்லுக்கு கமாண்ட் அப்டேட் என்று அவரவர் மென்பொருள் இருக்கிறது. கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர்கள், இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவர், பயாஸ் அப்டேட் நான்கையும் அதன் வழியாகப் போட்டுவிடுங்கள். பயாஸ் அப்டேட்டின்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும். மின்வெட்டு வரும் வேளையில் அதைத் தொடவே வேண்டாம்.

தூங்கவே மாட்டேன் என்றால்

திரை மட்டும் அணைந்து ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால், யாரோ அதைத் தூங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் என்று 'பவர்சிஎஃப்ஜி' சாய்கோடு 'ரிக்வெஸ்ட்ஸ்' சொல்லிவிடும். வீடியோ ஓடும் பிரவுசர் டேப், மூடாமல் விட்ட மீட்டிங் மென்பொருள், யூஎஸ்பி ஹெட்செட் ஆகியவை வழக்கமான ஆசாமிகள்.

தூங்கிய பிறகு நடுராத்திரியில் தானே எழுந்தால், காலையில் முதல் வேலையாக 'பவர்சிஎஃப்ஜி' சாய்கோடு 'லாஸ்ட்வேக்' தட்டுங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று பெயர் வரும். வயர்லெஸ் மவுஸ் என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுங்கள். நெட்வொர்க் கார்டு என்றால் மறுபடியும் அலுவலகப் பழக்கம்தான்: இரவில் தொலைவிலிருந்து எழுப்பி அப்டேட் போடுவதற்காக வைத்தது. அங்கேயும் அந்த டிக்கை எடுங்கள், பயாஸில் 'வேக் ஆன் லேன்' இருந்தால் அதையும் அணையுங்கள். இரண்டும் இல்லை என்றால் பவர் பிளானின் உள் செட்டிங்கில் 'அலவ் வேக் டைமர்ஸ்' என்பதை முடக்கிப் பாருங்கள்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிழும் லேப்டாப் வேறு ரகம். மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் அறிவது காந்தத்தால். மூடியின் விளிம்பில் சிறு காந்தம் இருக்கும், கீழ்ப் பாதியில் அதை உணரும் ஹால் சென்சார் இருக்கும். காந்தப் பூட்டு வைத்த ஃபோன் உறை, காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டை, அடியில் வைத்த இன்னொரு லேப்டாப் எதுவும் அந்த சென்சாரை ஏமாற்றிவிடும். மணிக்கட்டு வைக்கும் இடத்தைக் காலிசெய்து பாருங்கள். மாறாக, மூடினாலும் தூங்கவில்லை என்றால், திரையை மாற்றியபோது அந்தக் காந்தத்தைப் பழைய சட்டத்தோடு குப்பையில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது பொத்தென்று அணைகிறது, அல்லது தூங்க வைத்தது காலையில் முழுதாக அணைந்து கிடக்கிறது என்றால் பேட்டரி. 'பவர்சிஎஃப்ஜி' சாய்கோடு 'பேட்டரிரிப்போர்ட்' ஓர் அறிக்கையைச் சேமித்துத் தரும். 'டிசைன் கெப்பாசிட்டி'யையும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'யையும் ஒப்பிடுங்கள். பின்னது பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, கிளிக் அழுந்தாமல் இருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ அடியில் பேட்டரி ஊதியிருக்கக்கூடும். அப்போது சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்துங்கள். அழுத்தவோ நெம்பவோ குத்தவோ கூடாது.

எழுந்தும் திரை வராமல் கறுப்பாக நின்றால்

கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது, படம்தான் வரவில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதில் திரை வந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். புதுப்பித்த பிறகுதான் இந்தத் தொல்லையே தொடங்கியது என்றால் பழையதுக்குத் திரும்புங்கள்.

விளக்கு அசையவில்லை என்றால் கணினி எழும் வழியிலேயே சிக்கிவிட்டது. பவர் பட்டனை 15 விநாடி அழுத்தி அணைத்து ஆன் செய்யுங்கள். அடிக்கடி நடந்தால் பயாஸ் அப்டேட், பிறகு ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகுவது, பிறகு பவர் பிளானில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதியின் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை அணைப்பது என்ற வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது.

கோளாறு பொருளிலா மென்பொருளிலா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஆன் செய்யுங்கள். அங்கே ஏழெட்டு முறை தூங்க வைத்து எழுப்புங்கள். ஒருமுறைகூடத் தவறாமல் எழுந்தால், பெரும்பாலும் மதர்போர்டு நலம். விண்டோஸ் பக்கம்தான் தேட வேண்டும். அங்கேயும் சிக்கினால், இனி ஃபார்மேட் என்ற பேச்சே வேண்டாம்.

அந்த நிலையில் சர்வீஸ் கடைக்குப் போகும்போது 'ஸ்லோவா இருக்கு, பாத்துக் குடுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குறித்து வைத்த தாளையும் கொண்டு போங்கள்: பயாஸ் நேரம் 6 விநாடி, லாகின் வரை 70, சி5 எண் 16, லினக்ஸிலும் தூங்கி எழவில்லை என்று. அப்படிப் பேசுபவரிடம், தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட்டுப் பில் போடத் தயங்குவார்கள். டிஸ்க்கை மாற்றினால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் படங்களும் பாஸ்வேர்டுகளும் இன்னும் அதில்தான் இருக்கின்றன.